தின்க்பேட் எக்ஸ்220க்கு எந்த வைஃபை கார்டு செட் ஆகும்? வாங்குறதுக்கு முன்னாடி கேட்டுக்கறேன்

கொளத்தூர் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட லெனோவோ தின்க்பேட் எக்ஸ்220 இருக்கு, 2011ல வந்த மாடல், ஐ5 ப்ராசசர். ரேம் 8 ஜிபி ஆக்கி எஸ்எஸ்டியும் போட்டாச்சு, அதனால வேகத்துக்கு ஒரு குறையும் இல்ல, கீபோர்டு இருக்கற சுகத்துக்கு இத விட்டுட்டு வேற வாங்க மனசே வரல. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, 11 இந்த மாடல்ல முறைப்படி ஏறாதுன்னு தெரிஞ்சதும் லினக்ஸ் மின்ட் போட்டு நல்லா பழகிட்டேன்.

பிரச்சனை வைஃபைதான். வீட்ல 100 எம்பிபிஎஸ் ஃபைபர், ரவுட்டர் ஹால்ல இருக்கு. ரவுட்டர் பக்கத்துலயே உக்காந்து போன்ல டெஸ்ட் பண்ணா 90க்கு மேல வருது, அதே எடத்துல லேப்டாப்ல 20 வந்தாலே பெருசு, சாயந்திரம் ஆனா அதுவும் இல்ல. லேன் கேபிள் சொருகிப் பாத்தேன், அதுல 90க்கு மேல ஓடுது, அதனால லைன்லயோ லேப்டாப்லயோ கோளாறு இல்ல, வைஃபை மட்டும்தான்னு புரியுது. இன்னொண்ணு, எங்க ரவுட்டர்ல ரெண்டு பேர் வரும், ஒண்ணு சாதா, ஒண்ணு 5ஜின்னு முடியும். அந்த 5ஜி பேரு லேப்டாப் லிஸ்ட்ல வரவே மாட்டேங்குது.

சாயந்திரம் பத்தாவது பசங்களுக்கு ஆன்லைன்ல கணக்கு எடுக்கறேன். போர்டுல ஒரு படி போட்டுட்டு அடுத்த படிக்குப் போறதுக்குள்ள "மிஸ், நின்னுடுச்சு மிஸ்"ங்கறாங்க. பரீட்சை நேரத்துல இது ரொம்ப கஷ்டமா இருக்கு, பசங்க நேரமும் வீணாகுது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல விசாரிச்சேன். ஒரு கடையில ஏஎக்ஸ்200 கார்ட அடாப்டர் வச்சுப் போட்டுடலாம்னாங்க, இன்னொரு கடையில 7260 எடுத்துக்கோங்க, எல்லா லேப்டாப்புக்கும் செட் ஆகும்னாங்க. ரெண்டு பேருமே மாடல் என்னன்னு கூட சரியா கேக்கல, அதான் பணம் குடுக்க தயக்கமா இருந்துச்சு. எது வாங்கலாம், கடையில என்னன்னு சொல்லிக் கேக்கணும், வீட்லயே கழட்டி மாட்டலாமா, கொஞ்சம் சொல்லுங்க.

அண்ணாநகர் லினக்ஸ்:

மேடம், பணம் குடுக்காம வந்தீங்களே, அதுவே நல்லது. அந்தக் காலத்து தின்க்பேட்ல பயாஸ்க்குள்ள, அதாவது ஆன் பண்ண உடனே மொதல்ல ஓடற மதர்போர்டு ப்ரோகிராமுக்குள்ள, ஒயிட்லிஸ்ட்னு ஒண்ணு இருக்கு. லெனோவோ அனுமதிச்ச சில கார்டுகளத் தவிர வேற எதப் போட்டாலும் ஆன் பண்ண உடனே 1802னு எரர் காட்டி, அனுமதி இல்லாத நெட்வொர்க் கார்டு இருக்கு, ஆஃப் பண்ணி கழட்டுன்னு சொல்லிட்டு அங்கயே நின்னுடும், லினக்ஸ் வரைக்கும் போகவே விடாது. ஏஎக்ஸ்200ம் சரி, 7260ம் சரி, ரெண்டுமே அந்த லிஸ்ட்ல கெடையாது.

இப்ப உள்ள என்ன கார்டு இருக்குன்னு பாத்துடலாம். டெர்மினல் ஓபன் பண்ணி எல்எஸ்பிசிஐ கமாண்டு அடிங்க, நெட்வொர்க் கன்ட்ரோலர்னு வர்ற வரிய அப்படியே இங்க போடுங்க.

கொளத்தூர் டீச்சர்:

பாத்துட்டேன் சார். ரியல்டெக் ஆர்டிஎல்8188சிஇ-ன்னு வருது.

தின்க்பேட் பிரியன்:

இப்ப எல்லாம் தெளிவாயிடுச்சு மேடம், கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க, இத ஒரு தடவ புரிஞ்சுக்கிட்டா எந்தக் கடையிலயும் யாரும் உங்கள சுத்த விட முடியாது.

8188சிஇ-ங்கறது லெனோவோ அப்ப குறைஞ்ச விலை கான்ஃபிகரேஷன்ல போட்டு வித்த கார்டு. அதுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், 5 கிகாஹெர்ட்ஸுக்கான ரேடியோவே அதுல கெடையாது, அதனாலதான் உங்க 5ஜி பேரு லிஸ்ட்ல வரல, எந்த செட்டிங் மாத்துனாலும் எந்த டிரைவர் போட்டாலும் வராது. அதுவும் போக அது ஒரே ஸ்ட்ரீம் கார்டு, அதாவது ஒரு நேரத்துல ஒரே ஒரு டேட்டா ஓட்டம்தான். பெட்டியில 150ன்னு போட்டிருப்பான், அது 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் கெடைச்சா வர்ற கணக்கு. அப்பார்ட்மென்ட் மாதிரி நெருக்கமான எடத்துல ரவுட்டர் 20 மெகாஹெர்ட்ஸ்க்கு இறங்கிடும், அப்ப லிங்க் ஸ்பீடே, அதாவது கார்டும் ரவுட்டரும் தங்களுக்குள்ள பேசிக்கற வேகமே, 72தான், அதுல பாதி கைக்கு வந்தா அதிகம். 2.4ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11ன்னு மூணே மூணுதான். கொளத்தூர்ல ஒரு ஃப்ளோர்ல உக்காந்து வைஃபை லிஸ்ட்டத் திறந்தா எத்தன பேரு வருதுன்னு பாருங்க, அத்தன வீடும் இந்த மூணு சேனல்லதான் அடிச்சுக்குது. சாயந்திரம் எல்லாரும் வீடு திரும்புனதும் உங்க கிளாஸ் நிக்கறதுக்கு காரணம் அதுதான். போன் 5ல இருக்கறதால அதுக்கு இந்த நெரிசல் தெரியல.

அதனால உங்களுக்குத் தேவை 5 கிகாஹெர்ட்ஸ் தெரிஞ்ச, எக்ஸ்220 பயாஸ் ஏத்துக்கற ஒரு கார்டு. அது இன்டெல் சென்ட்ரினோ அட்வான்ஸ்டு-என் 6205. எக்ஸ்220யோட லெனோவோவே குடுத்த கார்டுதான் அது, ரெண்டு பேண்டும் உண்டு, ரெண்டு ஸ்ட்ரீம், லிங்க் ஸ்பீடு 300. உங்க பிளான் 100, அதுக்கு இது தாராளம். இன்னொரு கார்டும் லிஸ்ட்ல உண்டு, 6300, மூணு ஸ்ட்ரீம், 450 வரைக்கும் போகும், ஆனா அதுக்கு மூணு ஆன்டெனா ஒயர் வேணும், எல்லா எக்ஸ்220லயும் மூணாவது ஒயர் வராது. 100 எம்பிபிஎஸ் லைனுக்கு அந்தத் தேடல் தேவையில்ல.

இப்ப முக்கியமான விஷயம். 6205ன்னு மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. ஒரே 6205 கார்ட இன்டெல் பல கம்பெனிக்கு குடுத்துச்சு. சிப் ஒண்ணுதான், ஆனா கார்டுக்குள்ள சப்சிஸ்டம் ஐடின்னு இன்னொரு நம்பர் எழுதியிருக்கும், லெனோவோ பயாஸ் அதையும் சேத்துதான் பாக்குது. வேற பிராண்டு லேப்டாப்ல இருந்து கழட்டுன 6205 போட்டாலும் அதே 1802 வரலாம். அதனால கார்டு மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல எஃப்ஆர்யூ-ன்னு போட்டு ஒரு நம்பர் இருக்கான்னு பாருங்க, லெனோவோ பார்ட்டுக்குத்தான் அது இருக்கும். எக்ஸ்220க்கு உண்டான 6205 நம்பர் 60ஒய்3253. கடைக்காரர்கிட்ட இந்த நம்பர எழுதிக் காட்டுங்க. "எல்லாம் ஒண்ணுதாம்மா"ன்னு சொன்னாரு‌ன்னா அடுத்த கடைக்கு நடந்துடுங்க.

எக்ஸ்220ல ப்ளூடூத் தனி குட்டி போர்டா இருக்கு, வைஃபை கார்டுல கெடையாது. 6205லயும் ப்ளூடூத் இல்ல, அதனால இந்த மாத்தலால ப்ளூடூத்துக்கு ஒண்ணும் ஆகாது.

மின்ட்ல டிரைவர் கவலையே வேண்டாம், இன்டெல் கார்டுக்கு வேண்டியது எல்லாம் லினக்ஸோட மையப் பகுதியான கர்னலோடவே வருது, மாட்டி ஆன் பண்ணா தானா எடுத்துக்கும்.

வில்லிவாக்கம் கார்த்தி:

எதுக்கு சிஸ்டர் இவ்ளோ தலைவலி, யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒண்ணு வாங்கி சொருகிடுங்க, லேப்டாப்ப தொறக்கவே வேணாம், நாளைக்கு வேற லேப்டாப் வாங்குனாலும் அதுலயும் போட்டுக்கலாம். நான் அப்படித்தான் ஓட்டறேன், வீட்ல எல்லாரும் அதே டாங்கிள மாத்தி மாத்தி யூஸ் பண்றோம்.

அண்ணாநகர் லினக்ஸ்:

கார்த்தி சொல்றதும் ஒரு வழிதான், அவசரத்துக்கு நல்ல வழி. ஆனா மேடம் லினக்ஸ்ல இருக்காங்க, அங்கதான் கவனம் வேணும். டாங்கிள் பெட்டி மேல பிராண்டு பேரு பெருசா இருக்கும், உள்ள என்ன சிப்புன்னு எங்கயும் இருக்காது. மீடியாடெக் எம்டி7612யூ சிப் இருந்தா ரொம்ப நாளாவே கர்னல்லயே சப்போர்ட் உண்டு, சொருகுனா ஓடும். ரியல்டெக் 8812ஏயூ மாதிரி சிப்புக்கு பல வருஷம் வெளியில இருந்து டிரைவர் எடுத்து நாமளே கம்பைல் பண்ண வேண்டியிருந்துச்சு, கர்னல் அப்டேட் ஆன மறுநாள் வைஃபை காணாமப் போயிடும். சமீபத்து கர்னல்லதான் ஒவ்வொண்ணா உள்ள வருது. அதே பேரு, அதே பெட்டி, ஆனா வெர்ஷன் 2, வெர்ஷன் 3ன்னு சிப்ப மாத்திடறதும் சகஜம்.

இன்னொண்ணு, ஐ5 போட்ட எக்ஸ்220ல இருக்கற யுஎஸ்பி எல்லாமே 2.0தான், ஐ7 மாடல்ல மட்டும்தான் ஒரு 3.0 போர்ட் உண்டு. 100 எம்பிபிஎஸ்க்கு 2.0 போதும்தான், ஆனா கிளாஸ் எடுக்கும்போது பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு ஒரு டாங்கிள், கை பட்டா கழண்டு வர்ற மாதிரி. தெனமும் பாடம் எடுக்கறவங்களுக்கு உள்ள மாட்டுற கார்டுதான் சரிங்கறது என் அபிப்பிராயம்.

சிந்தாதிரிப்பேட்டை சர்வீஸ்:

எம்மா, நான் இந்த ஏரியாவுலதான் ரொம்ப வருஷமா லேப்டாப் சர்வீஸ் பண்றேன், எக்ஸ்220 நெறைய கைக்கு வந்திருக்கு. மேல தம்பி சொன்ன எஃப்ஆர்யூ நம்பர் ரொம்ப சரி. நான் கழட்டுற வேலைய மட்டும் சொல்றேன், நிதானமா பண்ணா வீட்லயே பண்ணிடலாம்மா, பயப்படற வேலை இல்ல.

மொதல்ல சார்ஜர் புடுங்கிட்டு பின்னாடி இருக்கற பேட்டரியயும் கழட்டி தனியா வச்சுடுங்க, இத மறந்துடாதீங்க. லேப்டாப்ப கவுத்துப் போட்டா அடியில ஸ்க்ரூ பக்கத்துல குட்டி குட்டியா படம் போட்டிருக்கும், கீபோர்டு படம் போட்டதும் பாம்ரெஸ்ட் (டைப் பண்ணும்போது கை வைக்கற பகுதி) படம் போட்டதும் மட்டும் கழட்டுனா போதும், மத்தத தொடாதீங்க. ஒரு பேப்பர்ல லேப்டாப் மாதிரி கட்டம் போட்டு எந்த எடத்து ஸ்க்ரூவோ அந்த எடத்துலயே வச்சுடுங்க, ஏன்னா எல்லாம் ஒரே நீளம் இல்ல, நீள ஸ்க்ரூவ குட்டை எடத்துல முறுக்குனா மேல குத்திக்கிட்டு வந்துடும்.

அப்புறம் திருப்பி வச்சு கீபோர்ட ஸ்க்ரீன் பக்கமா லேசா தள்ளுனா முன் விளிம்பு எழும்பும். வெடுக்குன்னு தூக்கிடாதீங்க, கீழ ஒரு பட்டை ஒயர் போர்டுல சொருகியிருக்கும், அதக் கழட்டிட்டு தான் எடுக்கணும். பாம்ரெஸ்ட்லயும் டச்பேடுக்கு ஒரு ஒயர் போகும், அதுவும் அப்படித்தான். பாம்ரெஸ்ட்ட எடுத்தீங்கன்னா வைஃபை கார்டு தெரியும், பாதி சைஸ்ல இருக்கும், மேல ரெண்டு மெல்லிசு ஒயர் பட்டன் மாதிரி அழுத்தி மாட்டியிருக்கும்.

இந்த ஒயர்தான் உசுரு. ஸ்க்ரீனச் சுத்தி மேல வரைக்கும் போற ஆன்டெனா இதுதான். ஒயரப் புடிச்சு இழுத்தா தலை மட்டும் கார்டுலயே தங்கிடும், அப்புறம் ஸ்க்ரீன பிரிச்சு புது ஒயர் ஓட்டணும். நகத்தையோ பிளாஸ்டிக் பட்டையையோ அந்த ரவுண்டு தலைக்கு அடியில குடுத்து நேர் மேல தூக்கணும், சாய்க்கக் கூடாது. இந்த மாதிரி யூ.எஃப்.எல் கனெக்டர கம்பெனியே ஏறக்குறைய 30 தடவ மாட்டிக் கழட்டத்தான் செஞ்சிருக்கான், அதனால சும்மா சும்மா மாட்டிப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க. மாட்டும்போது தலைய நேரா வச்சு கட்டை விரலால அழுத்துனா 'டிக்'னு உக்காரும். உக்காரலன்னா நகத்தி நகத்தி அழுத்தாதீங்க, எடுத்துட்டு மறுபடி நேரா வைங்க.

தின்க்பேட்ல சாம்பல் கலர் ஒயர் மெயின், கருப்பு ஒயர் ஆக்ஸ், அதாவது துணை ஆன்டெனா. கார்டுல வெள்ளை முக்கோணம் போட்டது மெயின், கருப்பு முக்கோணம் ஆக்ஸ். உங்க மெஷின்ல மூணாவதா வெள்ளை ஒயர் இருந்தா 6205க்கு அது தேவையில்ல, தலையில சின்னதா டேப் சுத்தி ஓரமா ஒதுக்கிடுங்க, போர்டுல பட்டு ஷார்ட் ஆகக் கூடாது.

உள்ள தூசு இருக்கும், நம்ம ஊரு காத்துக்கு ஃபேன்ல கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும். தொறந்ததுதான் தொறந்தீங்க, ஒரு பிரஷ் வச்சு சுத்தம் பண்ணிட்டே மூடுங்கம்மா. சூடு குறையும்.

மொத்தமா மூடுறதுக்கு முன்னாடி கீபோர்டையும் ஒயரையும் மட்டும் மாட்டி ஆன் பண்ணிப் பாருங்க. 1802 வரலன்னா ஆஃப் பண்ணி, பேட்டரிய மறுபடி கழட்டிட்டு ஸ்க்ரூ போடுங்க. வந்துச்சுன்னா ஒண்ணும் கெட்டுப் போகாது, பழைய கார்ட மாட்டுனா பழையபடி ஓடும், கடையில திருப்பிக் குடுத்துடலாம். அதனால வாங்கும்போதே செட் ஆகலன்னா மாத்தித் தருவீங்களான்னு கேட்டு பில்லுல எழுதி வாங்கிக்கங்க. பழைய கார்டுதானே, சில நூறு ரூபாய்க்குள்ள முடியும், ஆயிரத்துக்கு மேல கேட்டா நகந்துடுங்க. ஞாயித்துக்கெழம வராதீங்க, பாதிக்கு மேல கடை பூட்டியிருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட் முன்னாடி வரிசையில இருக்கற பளபளா கடையில இது கெடைக்காது, புதுசு விக்கறவங்க பழைய கார்டு வச்சுக்க மாட்டாங்க. நரசிங்கபுரம் தெரு பக்கம் சந்துக்குள்ள பழைய லேப்டாப்ப பிரிச்சு பார்ட்டு விக்கறவங்ககிட்ட கேளுங்க, பிளாஸ்டிக் டப்பாவுல கொட்டி வச்சிருப்பாங்க, அதுலேந்து எடுத்து ஸ்டிக்கர் பாத்து வாங்கணும்.

கொளத்தூர் டீச்சர்:

அண்ணா, இவ்ளோ விவரமா சொன்னதுக்கு ரொம்ப நன்றி, அந்த ஆன்டெனா ஒயர் விஷயம் தெரியாம நான் கண்டிப்பா இழுத்திருப்பேன். ஒரு சந்தேகம், ஏஎக்ஸ்200க்கு அடாப்டர்னாங்களே, அது என்னது? ஒயிட்லிஸ்ட் இல்லாத லேப்டாப்ல அது ஓடுமா? என் தம்பி டெல் லேட்டிட்யூட் ஈ6430 வச்சிருக்கான், அவனும் கேக்கறான்.

தின்க்பேட் பிரியன்:

தம்பிக்கு நல்ல செய்தி மேடம். டெல்லுல இந்த ஒயிட்லிஸ்ட் தொல்லை கெடையாது. அந்தக் காலத்து ஹெச்பியில உண்டு, அங்க 104னு ஆரம்பிக்கற எரர் காட்டும். தின்க்பேட்ல எக்ஸ்240, டி440 வரைக்கும் கூட இது தொடர்ந்துச்சு. டெல் வச்சிருக்கறவங்க ஸ்லாட், ஆன்டெனா, டிரைவர் மூணு மட்டும் பாத்தா போதும்.

ஈ6430ல வைஃபை கார்டு உக்கார்ற ஸ்லாட் மினி பிசிஐஇ, பழைய லேப்டாப்ல வர்ற வகை. அந்த சைஸ்ல நேரடியா வர்ற நல்ல கார்டு இன்டெல் 7260தான், 2013ல வந்தது, 802.11ஏசி வைஃபை ஸ்டாண்டர்டு, லிங்க் ஸ்பீடு 867. அதுலயும் பேரு முழுசா பாக்கணும். 7260 ஹெச்எம்டபிள்யூ-ன்னு மட்டும் இருந்தா ஏசி கார்டு. பின்னாடி ஏஎன்-னு சேந்திருந்தா ரெண்டு பேண்டு உண்டு, ஆனா அதுக்கு முந்தின 802.11என் ஸ்டாண்டர்டோட நின்னுடும். பிஎன்-னு இருந்தா வெறும் 2.4தான், அத வாங்கறதுக்கு வாங்காமலே இருக்கலாம். மூணுமே 7260ன்னு சொல்லித்தான் விப்பாங்க. 7260 என்ஜிடபிள்யூ-ன்னு போட்டிருந்தா அது எம்.2 சைஸ், அதுக்கப்புறம் வந்த லேப்டாப் ஸ்லாட்டுக்கானது, தம்பி லேப்டாப்ல உக்காரவே உக்காராது.

7260ல ப்ளூடூத்தும் சேந்து வருது. அது ஸ்லாட்டுல இருக்கற யுஎஸ்பி லைன் வழியாத்தான் ஓடும். சில பழைய லேப்டாப்ல அந்த லைன் ஸ்லாட்டுக்கு வந்திருக்காது, அப்ப வைஃபை ஓடும், ப்ளூடூத் வராது, கார்டு மேல தப்பு கெடையாது. லைன் இருந்தும் வரலன்னா 51வது பின்னுல மெல்லிசா டேப் ஒட்டி சரி பண்றவங்க உண்டு. அந்தப் பின் வழியாத்தான் சில மதர்போர்டு ப்ளூடூத்த ஆஃப் பண்ணி வைக்குது.

இப்ப ஏஎக்ஸ்200 கதை. அது எம்.2 கார்டு, மினி பிசிஐஇ ஸ்லாட்டுல போட நடுவுல ஒரு அடாப்டர் போர்டு வேணும். ரெண்டு சிக்கல். அடாப்டர் பெரும்பாலும் முழு நீளத்துல வரும், பாதி சைஸ் எடம்தான் இருக்குன்னா மூடி மூடாது. அப்புறம் எம்.2 கார்டுல ஆன்டெனா பட்டன் இன்னும் பொடிசு, எம்ஹெச்எஃப்4ன்னு பேரு, பழைய லேப்டாப்போட யூ.எஃப்.எல் தலை அதுல உக்காராது, அமுக்கிப் பாத்தா ரெண்டுமே நசுங்கும். அதுக்கும் தனி கன்வர்டர் ஒயர் வேணும். இவ்ளோ பண்ணி 100 எம்பிபிஎஸ் லைன்ல கெடைக்கப் போறது அதே 100தான். ஏஎக்ஸ்200க்கு விண்டோஸ் 7 டிரைவரும் இன்டெல் குடுக்கல, லினக்ஸ்னா கர்னல் 5.1ல இருந்து சப்போர்ட் உண்டு.

இத படிக்கற மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை, எம்.2 ஸ்லாட் இருக்கற லேப்டாப்புக்கு வாங்கும்போது ஏஎக்ஸ்200ம் ஏஎக்ஸ்201ம் ஒண்ணுன்னு நெனச்சுடாதீங்க. 201 பாதி கார்டுதான், மீதி வேலைய ப்ராசசர் பக்கம் செய்யணும், அதுக்கு சிஎன்விஐ-ன்னு பேரு. அதுக்குத் தகுந்த புது இன்டெல் ப்ராசசரும் ஸ்லாட்டும் இல்லாத மெஷின்ல, ஏஎம்டி மெஷின்லயும், அது கண்ணுக்கே தெரியாது. 200ம் 210ம் முழு கார்டு, சாதா பிசிஐஇ-ல ஓடும். விலை கம்மியா இருக்கேன்னு 201 வாங்கிட்டு வந்து கேள்வி கேக்கறவங்க மாசம் ஒருத்தராவது வர்றாங்க.

கொளத்தூர் டீச்சர்:

வாங்கிட்டேன், மாட்டிட்டேன்! நரசிங்கபுரம் தெரு பக்கம் ஒரு மாடிக் கடையில டப்பாவக் கொட்டித் தேடி எடுத்துக் குடுத்தாரு, ஸ்டிக்கர்ல 60ஒய்3253 இருந்துச்சு. அவரே "இந்த நம்பர கேட்டு வர்றவங்கதான் சரியா வாங்குறாங்க"ன்னாரு. வீட்ல நானும் தம்பியும் சேந்து கழட்டுனோம், ஒயர் ரெண்டும் அண்ணா சொன்ன மாதிரியே 'டிக்'னு உக்காந்துச்சு. ஆன் பண்ணேன், 1802 வரல, மின்ட் எதுவும் கேக்காம கார்ட எடுத்துக்கிச்சு. 5ஜி பேரு லிஸ்ட்ல வந்ததப் பாத்ததும் அவ்ளோ சந்தோஷம். ஹால்ல டெஸ்ட் பண்ணா 90க்கு மேல வருது. நேத்து கிளாஸ் ஒரு தடவ கூட நிக்கல, ட்ரிக்னாமெட்ரி ஒரு பாடம் முழுசா முடிச்சோம்.

ஒரே ஒரு விஷயம். 5ஜி பேரு சில நேரம் லிஸ்ட்ல இருந்து மறைஞ்சுடுது, கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப வருது. அப்பவும் போன்ல இருக்கு. கார்டுல கோளாறா?

அண்ணாநகர் லினக்ஸ்:

வாழ்த்துக்கள் மேடம்! கோளாறு மாதிரி தெரியல, ரவுட்டர் சேனல ஆட்டோல வச்சிருப்பீங்க. 5 கிகாஹெர்ட்ஸ்ல 52ல இருந்து 144 வரைக்கும் இருக்கற சேனல் ரேடாரோட பங்கு போட்டுக்கற எடம். ரவுட்டர் அங்க போறதுக்கு முன்னாடி ரேடார் இருக்கான்னு காது குடுத்துக் கேக்கணும், ரேடார் மாதிரி ஏதாவது தட்டுப்பட்டா உடனே எடம் மாறணும். நம்ம கார்டும் அந்த சேனல்ல தானா கூப்பிட்டுப் பாக்காது, ரவுட்டர் குரல் கேக்கற வரைக்கும் காத்திருக்கும், பழைய கார்டுக்கு இது இன்னும் மெதுவா நடக்கும். ரவுட்டர் பேஜ்ல போய் 5 கிகாஹெர்ட்ஸ் சேனல 36ன்னு நிலையா வச்சுடுங்க, இல்லன்னா 149. அகலம் 80ல இருந்தாலும் பரவால்ல, 6205 அதுல 40 மட்டும் எடுத்துக்கும்.

அங்கயே செக்யூரிட்டியயும் பாத்துடுங்க. டபிள்யூபிஏ3 மட்டும்னு வச்சிருந்தா இந்தக் காலத்து கார்டு தடுமாறும். டபிள்யூபிஏ2, இல்லன்னா ரெண்டும் கலந்ததுன்னு வைங்க.

கொளத்தூர் டீச்சர்:

36 வச்சாச்சு சார், நேத்துல இருந்து மறையல. செக்யூரிட்டி ஏற்கனவே டபிள்யூபிஏ2தான் இருந்துச்சு. கடைசியா ஒண்ணு, லெனோவோ சைட்ல புது பயாஸ் இருக்கு. அது போட்டா ஒயிட்லிஸ்ட் போயிடுமா, இல்ல இப்ப ஓடற கார்டும் நின்னுடுமா?

தின்க்பேட் பிரியன்:

ரெண்டுமே ஆகாது மேடம். லெனோவோ குடுக்கற பயாஸ்ல ஒயிட்லிஸ்ட் அப்படியேதான் இருக்கும், உங்க கார்டு அந்த லிஸ்ட்ல இருக்கறதால அதுவும் ஓடும். லிஸ்ட்ட எடுத்துவிட்ட பயாஸ்னு நெட்ல வெளியாளுங்க குடுக்கறது உண்டு, அத ஏத்தறதுல கொஞ்சம் பெசகுனாலும் மதர்போர்டு எழும்பாது, உங்களுக்கு அது தேவையும் இல்ல. லெனோவோவோட அப்டேட் போடறதா இருந்தா சார்ஜர், பேட்டரி ரெண்டும் மாட்டியிருக்கும்போது போடுங்க, கரண்ட் கட் ஆகற நேரமா பாத்துப் போடாதீங்க.

சிந்தாதிரிப்பேட்டை சர்வீஸ்:

நல்லா ஓடுதுன்னா பரீட்சை முடியற வரைக்கும் பயாஸ்ல கை வைக்காதீங்கம்மா. லீவுல பாத்துக்கலாம்.